ஷூ போட்டால் ஆபீஸ்

இனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்ன அன்றைக்கு ஆபீசர் படியேறி வந்த வேகத்தைப் பார்த்து, கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருக்கும் டெய்லரக்காவே மெஷினை நிறுத்திவிட்டு என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டாள். ஆபீசர் என்பது அவருடைய பதவி இல்லை. மனைவி வைத்த பெயர். தினமும் காலையில் கண்ணாடியைக் காணோம், பேனாவைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு, கடைசியில் இரண்டையும் தன் சட்டைப் பையிலிருந்தே எடுக்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

வாகனக் காப்பீட்டுக் கம்பெனியில் அவருக்கு வேலை. எங்கெங்கோ இடித்துக்கொண்ட கார்களின் படங்கள் வரும். எங்கே நசுங்கியிருக்கிறது, எதைத் தட்டி நிமிர்த்தலாம், எதை மாற்றியே ஆக வேண்டும் என்று படத்தை வைத்தே முடிவு சொல்ல வேண்டும். சும்மா நின்ற என் கார் மீது மரம் வந்து மோதிவிட்டது என்று கூசாமல் சொல்கிறவர்களும் உண்டு. இருபது நிமிடம் படத்தை உருட்டிப் பார்த்து, மரம் நின்ற இடத்தில்தான் நின்றது, கார்தான் போனது என்று ஆபீசர் கண்டுபிடித்துவிடுவார். அதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

அவர் வீட்டோடு இருக்கப்போகிறார் என்றதும் இன்னொரு நல்லதும் நடந்தது. மனைவி ஒரு நர்ஸ். மகள் பிறந்ததும் வேலையை விட்டவள். பள்ளி விட்டுப் பிள்ளை வரும்போது வீட்டில் ஒரு ஆள் வேண்டும், ஆபீசரோ பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே அந்த ஒரு ஆள் எப்போதும் அவளாகவே இருந்தாள். இப்போது பழைய ஆஸ்பத்திரியிலேயே பகல் வேலைக்குக் கூப்பிட்டார்கள். வேலையில் சேர்ந்த அன்று சாயங்காலம் அவள் கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த வலியைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சிரிப்பை ஆபீசர் பல வருடங்களாகப் பார்த்ததில்லை.

எல்லாம் சரிதான். வேலைதான் நடக்கவில்லை.

வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளை என்றால் ஊருக்கே இளப்பம். பக்கத்து வீட்டுப் பார்சல், எதிர் வீட்டுச் சாவி, மாடி வீட்டுக்குக் குழாய் ரிப்பேர் பார்க்க வந்தவர், எல்லாம் இவர் தலையில் வந்து விடிந்தன. வீட்டுலதானே இருக்கீங்க என்று ஆரம்பிக்காத வாயே இல்லை. இவர்கள் போதாதென்று மச்சான். மனைவியின் அண்ணன், இரண்டு தெரு தள்ளிச் செல்போன் கடை வைத்திருக்கிறான். கடையில் ஈ ஓட்டும் நேரமெல்லாம் இங்கே வந்து சோபாவில் சாய்ந்துகொண்டு, மாப்ள, உன் கொடுப்பினை யாருக்கு வரும் என்று தொடங்கினால், டீ இரண்டு ரவுண்டு போகாமல் எழுந்திருக்க மாட்டான்.

வெளியாளைச் சொல்லி என்ன, ஆபீசருக்கு ஆபீசரே எதிரி. சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை விரித்து உட்கார்ந்தால், எதிரே அடுப்பில் பால் பொங்கிய கறை தெரியும். அதைத் துடைப்பார். துடைத்த துணி அழுக்காகிவிட்டதே என்று அலசுவார். காயப்போடப் போனால் பால்கனிக் கொடி தொய்ந்திருக்கும். அதை இழுத்துக் கட்ட ஸ்டூலைத் தேடுவார். ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்களே, அந்தக் கதைதான். சாயங்காலம் பார்த்தால் வீடு பளபளவென்று இருக்கும், நசுங்கிய கார்களெல்லாம் நசுங்கியபடியே வரிசையில் நிற்கும்.

ஒருநாள் மேலாளர் கூப்பிட்டார். கத்துகிற மேலாளராக இருந்தால்கூடப் பரவாயில்லை; இந்த அம்மாள் நிதானமாகப் பேசுகிறவர். ஆபீஸுக்கு வந்துகொண்டிருந்தபோது பிரிவிலேயே முதலாவதாக இருந்தவர் இப்போது கடைசியில் இருக்கிறாரே என்று கேட்டார். மாதக் கடைசியில் பிரிவுத் தலைவரே உட்கார்ந்து எல்லாருடைய வேலையையும் பார்க்கப்போகிறார், அதற்குள் நிலைமை தேறாவிட்டால் பழையபடி ஆபீஸுக்கே வந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போனை வைத்தார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் அதைச் சொன்னபோது, அவள் தலையில் குத்தியிருந்த கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் வேலையை விட்டுடட்டுமா?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் ஆபீசர் பதில் சொல்லியிருப்பார். அவள் சாதாரணமாக, நாளைக்கு என்ன சமைக்கட்டும் என்பதுபோலக் கேட்டாள். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் காலையில் அவளே வழி கண்டுபிடித்துவிட்டாள். அரை டிராயரோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் முன்னால் பழைய கறுப்பு ஷூவைக் கொண்டுவந்து வைத்தாள். பூஞ்சை துடைத்து, பாலிஷ் போட்டு, புதுசுபோல இருந்தது.

"ஆபீஸ் போறவங்க என்ன செய்வாங்க? குளிச்சு, ஷூ போட்டு, வாசலைத் தாண்டிப் போவாங்க. நீங்க வாசலையே தாண்டறதில்லை. அப்புறம் எப்படி வேலைக்குப் போன மாதிரி இருக்கும்? நாளையிலேர்ந்து ஷூ காலில் இருந்தா நீங்க ஆபீஸ்ல இருக்கீங்க. கழட்டினாத்தான் வீடு."

இஸ்திரி மேஜையும் பழைய பெட்டிகளும் அடைந்து கிடந்த பின்னறை அன்றே காலியாயிற்று. அதுதான் ஆபீஸ். ஷூ போட்ட மனிதரிடம் வீட்டில் யாரும் பேசக் கூடாது, அவசரமென்றால் போன் பண்ண வேண்டும், அவரும் வீட்டு வேலை எதையும் கண்ணெடுத்துப் பார்க்கக் கூடாது என்று சட்டமும் ஆயிற்று.

சட்டம் என்று வந்துவிட்டால் மகளைத் தாண்டி எதுவும் போக முடியாது. இரண்டாம் வகுப்புதான் படிக்கிறாள். ஆனால் அவளுக்கு வீட்டில் வக்கீல் என்றே பெயர். சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு அதன் வால்வரை போய்ப் பார்க்கிற பிள்ளை. அப்பாவுக்குத் தாகம் எடுத்தால் என்ன செய்வார் என்று கேட்டாள். காலையிலேயே பாட்டிலில் எடுத்துப் போவார் என்றார்கள். அந்த ஆபீஸில் பாத்ரூம் இல்லையே என்றாள். இது நியாயமான கேள்வி. நெடுநேர யோசனைக்குப் பிறகு, பாத்ரூம் மட்டும் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் பொது என்று தீர்ப்பானது. பல்லி வந்தால் யாரைக் கூப்பிடுவார் என்று கேட்டாள். ஆபீசருக்குப் பல்லி என்றால் பயம் என்பதால் அந்தக் கேள்வியை ஒத்திவைத்தார்கள்.

முதல் நாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, வீட்டுக்கே திரும்பி வந்து பெல்லை அடித்தபோது ஆபீசருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று மனைவிக்கு விடுமுறை. சோபாவில் மச்சான். எங்கே மாப்ளையைக் காணோம் என்று அவன் கேட்கவும், அவர் ஆபீஸ் போயிருக்கார் என்று இவள் சொல்லவும், அந்த ஆபீஸ் போனவர் இருவருக்கும் நடுவே டக் டக்கென்று ஷூ ஒலிக்கப் பின்னறைக்குப் போகவும் சரியாக இருந்தது. மச்சான் வாயைத் திறந்தான்.

"யார்கிட்டப் பேசப் போறே? அங்க யாருமில்லை" என்றாள் தங்கை.

மச்சான் அவளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீயைக்கூட முடிக்காமல் கடைக்குக் கிளம்பினான். அன்றைக்கு அவன் கடையில் வியாபாரம் நன்றாக நடந்ததாகக் கேள்வி.

யார் செய்த புண்ணியமோ, ஷூ வேலை செய்தது. லேஸை இறுக்கி முடிச்சுப் போட்டதும் ஆபீசரின் காலிலிருந்து ஏதோ ஒன்று மண்டைக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. அடுப்பு, கொடி, ஸ்டூல் எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம், வேறு யாரோ குடியிருக்கிற வீட்டில் இருந்தன. நசுங்கிய பம்பர்கள், உடைந்த விளக்குகள், மரத்தின் மீது பழி போடுகிறவர்கள் எல்லாரும் மளமளவென்று நகர்ந்தார்கள். பள்ளி வேன் வந்து வக்கீல் பெல் அடிக்கும் நேரத்துக்கு ஆபீசர் அறை வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ஓடி வந்து கதவைத் திறப்பார். பாலும் பிஸ்கட்டும் கொடுத்து, அன்றைய பள்ளிக்கூட வழக்குகளை எல்லாம் கேட்டு முடித்து, அவள் படம் வரைய உட்கார்ந்ததும் மறுபடி ஷூவைப் போட்டுக்கொள்வார். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே மீதி நாள் முழுவதும் உழைக்கலாம் என்றிருந்தது அவருக்கு. பழைய நாட்களில் அந்த நேரத்தில் அவர் பார்த்ததெல்லாம் முன் சீட்டுக்காரரின் பிடரியைத்தான்.

மாதக் கடைசி வந்தது. எல்லாருடைய வேலையையும் பார்க்கும் மீட்டிங்கில் ஆபீசரின் முறை, சொல்லிவைத்தாற்போல, சரியாகப் பள்ளி விடும் நேரத்துக்கு விழுந்தது. மாற்றிக் கேட்கலாம்தான். ஏற்கெனவே கடைசியில் நின்றவன் நேரத்தையும் மாற்றக் கேட்டால் நன்றாகவா இருக்கும் என்று விட்டுவிட்டார். மனைவி விடிந்ததுமே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டிருந்தாள். லேஸைக் கட்டிக்கொண்டே ஆபீசர் மகளிடம் சொன்னார்:

"இன்னைக்கு அப்பாவுக்கு ஆபீஸ்ல பெரிய மீட்டிங். நீ வர்ற நேரத்துக்கு அப்பாவால வீட்டுக்கு வர முடியாது. சரியா?"

வக்கீல் யோசித்தாள். சரி என்று தலையாட்டினாள்.

அவர் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்: பெல் அடித்தால் ஓடி வந்து கதவைத் திறந்துவிட்டு ஓடிப்போய்விடுவேன், வழக்கு விசாரணை எல்லாம் அப்புறம், பாலை நீயே எடுத்துக் குடித்துக்கொள். பாலையும் பிஸ்கட்டையும் மேஜையில் மூடி வைத்தும் இருந்தார். ஷூ போடப் போட ஷூவின் பாஷையே வாயில் வந்துவிட்டது.

மீட்டிங் நன்றாகத்தான் போனது. திரையில் ஒரு கட்டத்தில் மேலாளர், இன்னொன்றில் பிரிவுத் தலைவர். காதருகே நரைத்த, அவசரப்படாத மனிதர். ஆபீசரின் வேலை எங்கிருந்து எங்கே ஏறியிருக்கிறது என்று மேலாளர் எடுத்துச் சொன்னார். தலைவர் ஒரு காரின் படத்தைக் காட்டி, இதன் கதவை மாற்றாமல் தட்டி நிமிர்த்தச் சொன்னது ஏன் என்று கேட்டார். ஆபீசர் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருக்கும்போது கீழே வேனின் ஹார்ன் கேட்டது. ஒரு காதைப் பெல்லுக்குக் கொடுத்துவிட்டு மேலே பேசினார்.

பெல் அடிக்கவில்லை.

படியேறி வர நேரமாகும் என்று நினைத்தார். கதவின் கீல் பற்றிச் சொன்னார். டெய்லரக்காவிடம் பேசிக்கொண்டு நிற்பாள் என்று நினைத்தார். கண்ணாடி பற்றிச் சொன்னார். வேன் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. பெல் இன்னும் அடிக்கவில்லை. வேனிலிருந்து அவள் இறங்கினாளா என்ற நினைப்பு வந்ததும் கண்ணாடிக்குப் பிறகு என்ன சொல்ல வந்தார் என்பது மறந்தே போனது. உடம்புக்கு ஏதாவதா என்று மேலாளர் கேட்டார்.

"மன்னிக்கணும் மேடம். நான் உடனே வீட்டுக்குப் போகணும்."

"நீங்க வீட்டுலதானே இருக்கீங்க?"

"இல்ல மேடம், ஆபீஸ்ல இருக்கேன்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது. விளக்க நேரமில்லை. குனிந்து லேஸைப் பிய்த்து, ஷூவை உதறித் தள்ளிவிட்டு, காலுறையோடு வழுக்கிக்கொண்டு ஓடினார். வாசற்கதவைத் திறந்தார். படியில் யாரும் இல்லை. இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார். தெருவில் யாரும் இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெயில்தான் இருந்தது. வேன் போன திசையில் நாலடி ஓடினார், திரும்பினார். மீட்டிங், தலைவர், மாதக் கடைசி எல்லாம் போய், உலகத்தில் தொலையக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான் உண்டு என்று ஆகிவிட்டது அவருக்கு.

அப்போது கடைக்குள் தையல் மெஷின் நின்றது. துணிக் குவியல் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வக்கீல் ஒரு டப்பாப் பொத்தானை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாதி குடித்த பால்.

"வீட்டுல யாரும் இல்லைன்னு பாப்பா சொன்னா, தம்பி. நீங்க வெளியில எங்கேயோ போயிருக்கீங்கன்னு நினைச்சு உட்கார வச்சேன்" என்றாள் டெய்லரக்கா.

ஆபீசர் அந்தக் கடை வாசற்படியிலேயே உட்கார்ந்தார். வந்த கோபத்தில் அதட்டத்தான் நினைத்தார். கேட்டபோது குரல் கெஞ்சியது.

"ஏம்மா பெல் அடிக்கல?"

வக்கீல் பொத்தானிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள்.

"அம்மா ஆஸ்பத்திரியில. நீங்க ஆபீஸ்ல. பெல் அடிச்சா யாரு வந்து திறப்பா?"

குறையாகச் சொல்லவில்லை அவள். அழவும் இல்லை. இரண்டும் இரண்டும் நாலு என்பதுபோலச் சொன்னாள். அதுதான் ஆபீசரைக் குத்தியது. இந்தப் பிள்ளை வரும்போது வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே இத்தனை பாடும். இங்கேயே, தலைக்கு மேலே, ஒரு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டே, பிள்ளை பெல்லைக்கூடத் தொட வேண்டாம் என்று நினைக்கும் அளவுக்கு இல்லாமல் போய்விட்டோமே என்று அவருக்குக் கண் கலங்கியது.

அவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். அவர் காலைப் பார்த்தாள். தெருப்புழுதி அப்பிய காலுறை. ஷூ இல்லை.

"அப்பா, வந்துட்டீங்களா" என்று பொத்தானையெல்லாம் உதறிவிட்டு ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மாடியேறும்போது, வீட்டிலிருந்து பார்க்கும் வேலை இதோடு போயிற்று என்றே ஆபீசர் முடிவு கட்டியிருந்தார். ஆபீஸுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். மனைவியிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று மட்டும்தான் யோசனை. ஆனால் திரையில் இருவரும் அப்படியே இருந்தார்கள். பிள்ளையை இறக்கிவிட மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்து, ஷூ முதல் பொத்தான்வரை ஒன்று விடாமல் சொல்லி முடித்தார்.

"அப்ப, இப்ப நீங்க எங்க இருக்கீங்க?" என்று பிரிவுத் தலைவர் கேட்டார்.

ஆபீசருக்கு முன்னால் வக்கீல் முந்திக்கொண்டாள். வீட்டில்தான், சந்தேகமிருந்தால் பாருங்கள் என்று மடியிலிருந்து இறங்கி, அப்பாவின் காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, அழுக்குக் காலுறையைக் கேமராவுக்கு நேராகக் காட்டினாள். மேலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. வீட்டில் இருக்கிற மனிதரிடம் ஆபீஸ் விஷயம் பேசுவது முறையில்லை, மீதியை நாளைக் காலையில் அவர் ஆபீஸுக்கு வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தலைவர் எழுந்து போனார்.

பிறகு மேலாளர் தனியாகக் கூப்பிட்டார். வேலை மறுபடி முதல் இடத்துக்கு வந்துவிட்டது, வீட்டிலேயே இருக்கலாம் என்று தலைவர் சொல்லிவிட்டாராம். பள்ளி விடும் நேரத்தில் இனி அவருக்கு மீட்டிங் வைப்பதில்லை என்றும் சொன்னார். அந்த நேரத்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். சொல்லியிருக்கலாம்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது ஆபீசருக்குத் தெரியாததல்ல.

மனைவி வந்து கேட்டு, சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, வீட்டுச் சாவி ஒன்றை நாடாவில் கோத்து மகளின் கழுத்தில் மாட்டினாள். சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றாள். திருத்தத்தைத் தானே யோசித்துவைத்திருப்பதாக வக்கீல் சொன்னாள். என்னவென்று அன்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஆபீசர் ஷூ போட்டுக்கொண்டு கிளம்பியபோது, அவளும் யூனிபாரமும் பையுமாகக் கூடவே இறங்கினாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைச் சுற்றினாள். எங்கே போறே என்று டெய்லரக்கா கேட்டதற்கு, அப்பாவை ஆபீஸில் விடப் போகிறேன் என்றாள். மாடிக்கு அழைத்து வந்து, பின்னறையைத் திறந்து, நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்த்துக்கொண்டாள். பிறகு, தினமும் வேனில் ஏற்றும்போது அவர் சொல்வதை, அதே விரலை ஆட்டி, வேன் வந்து கூட்டிப்போகும் என்கிற இடத்தில் மட்டும் தன்னைப் போட்டுச் சொன்னாள்.

"சமத்தா இருக்கணும். யார்கூடயும் சண்டை போடக் கூடாது. மணி அடிச்சதும் நான் வந்து கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் வாசல்லயே நிக்கணும், வேற யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது."

கீழே ஹார்ன் கேட்டது. அவள் ஓடினாள்.

அன்று நசுங்கிய கார்கள் எல்லாம் வழக்கத்தைவிடச் சீக்கிரமே முடிந்தன. வேன் திரும்பி வந்து, வாசற்கதவில் சாவி தட்டுத்தடுமாறித் திரும்பும் சத்தம் கேட்டபோது, ஆபீசர் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அறைக் கதவுக்குப் பின்னால் தயாராக நின்றுகொண்டிருந்தார்.